அறிவியலிலும் தொழில்நுட்பத்திலும் பெண் முன்மாதிரிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறிவியல், தொழில்நுட்பத் துறைகளில் வேலை பார்க்கும் பெண்களைக் கொண்டாடும் நிகழ்ச்சிகளைப் பல வருடங்களாக ஏற்பாடு செய்து வருகிறேன். மேடையில் ஒலிவாங்கியை நீட்டும்போது யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. நிகழ்ச்சி முடிந்து நாற்காலிகளை அடுக்கும் நேரத்தில்தான் உண்மையான கேள்விகள் வரும். மாணவிகள், பெற்றோர், ஆசிரியர்கள், நிறுவனங்களில் இருந்து வருபவர்கள் என்று யாராக இருந்தாலும், சுற்றிச் சுற்றி இந்தக் கேள்விகளிடமே வந்து நிற்கிறார்கள்.

முன்மாதிரி என்றால் புகழ்பெற்றவர் என்றுதானே அர்த்தம்?

இல்லை. ஒருவரைப் பார்த்ததும் "ஓ, இப்படியும் இருக்க முடியுமா!" என்று உங்களுக்குத் தோன்றினால் அவர் உங்கள் முன்மாதிரி. அவருக்கு உங்களைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவர் இறந்து நூறு வருடம் ஆகியிருந்தாலும் பாதகமில்லை.

வழிகாட்டி வேறு. உங்கள் பெயரை அறிந்தவர், நீங்கள் எழுதியதை வாசித்துத் திருத்துபவர். உங்களுக்காகப் பரிந்து பேசுபவர் இன்னும் வேறு: நீங்கள் இல்லாத கூட்டத்தில் உங்கள் பெயரை எடுத்துச் சொல்பவர். மூன்றும் வேண்டும். வருடம் தவறாமல் விழா எடுத்துவிட்டு, பதவி உயர்வுப் பட்டியலில் ஒரு பெண் பெயர்கூட இல்லாமல் அனுப்பிய அலுவலகத்தை நான் பார்த்திருக்கிறேன். அந்த விழாவில் போட்ட மாலைக்கு என்ன பொருள் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

திறமை இருந்தால் போதாதா? ஆண், பெண் என்று ஏன் பிரித்துப் பார்க்க வேண்டும்?

நாம் பிரிக்க வேண்டியதே இல்லை. நமக்கு முன்பே அந்தப் பிரிவினை பிள்ளைகளின் மனதில் போய் உட்கார்ந்துவிடுகிறது.

தாளும் பென்சிலும் கொடுத்து "ஒரு விஞ்ஞானியை வரை" என்று சொல்லும் சோதனை ஒன்று உண்டு. டேவிட் சேம்பர்ஸ் என்ற ஆய்வாளர் 1983இல் வெளியிட்ட ஆய்வுக்காக 4,807 பிள்ளைகள் வரைந்தார்கள். வெள்ளைக் கோட்டு, மூக்குக் கண்ணாடி, தாடி, கண்ணாடிக் குடுவை எல்லாம் வந்தன. பெண் விஞ்ஞானி வந்த படங்கள் 28. நூற்றுக்கு 28 இல்லை, மொத்தமே 28. அத்தனையும் சிறுமிகள் வரைந்தவை. ஒரு சிறுவன்கூடப் பெண்ணை வரையவில்லை.

இதே சோதனையை அமெரிக்காவில் ஐம்பது வருடங்களாகச் செய்தவர்களின் முடிவுகளை 2018இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். 1980களிலும் அதற்குப் பிறகும் நடந்த ஆய்வுகளில் சராசரியாக நூற்றுக்கு 28 பிள்ளைகள் பெண்ணை வரைந்திருந்தார்கள். நல்ல மாற்றம். ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. சின்ன வகுப்புச் சிறுமிகள் தங்களைப் போல ஒருத்தியை வரைகிறார்கள். மேல் வகுப்புக்குப் போகப் போக அவர்களும் ஆணையே வரைகிறார்கள். இடைப்பட்ட வருடங்களில் திறமை எங்கும் போய்விடவில்லை. பாடப்புத்தகத்திலும் திரையிலும் செய்தியிலும் அவர்கள் பார்த்த முகங்கள்தான் அந்தப் படத்தை மாற்றுகின்றன. அதனால்தான் முகங்களைக் காட்ட வேண்டும் என்கிறேன்.

இதற்கென்று தனி நாள் இருக்கிறதா?

இரண்டு நாட்கள் பரவலாக அறியப்பட்டவை. பிப்ரவரி 11, அறிவியலில் பெண்களுக்கும் சிறுமிகளுக்குமான சர்வதேச நாள், ஐ.நா. பொதுச்சபை 2015இல் அறிவித்தது. மற்றது அக்டோபர் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை கொண்டாடப்படும் ஏடா லவ்லேஸ் நாள். சூ சார்மன் ஆண்டர்சன் என்பவர் 2009இல் தொடங்கி வைத்தார்.

ஏடா யார் என்று கேட்பவர்களுக்கு: சார்லஸ் பாபேஜ் திட்டமிட்ட 'அனலிட்டிகல் எஞ்சின்' என்ற கணக்கிடும் இயந்திரத்தைப் பற்றிய பிரெஞ்சுக் கட்டுரை ஒன்றை ஏடா ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். 1843இல் அது வெளியானபோது, அவர் கூடவே சேர்த்திருந்த குறிப்புகள் மூலக் கட்டுரையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தன. அவற்றில் கடைசிக் குறிப்பில், பெர்னூலி எண்கள் என்ற கணித எண்வரிசையை அந்த இயந்திரம் எப்படிப் படிப்படியாகக் கணக்கிடும் என்று அட்டவணை போட்டுக் காட்டியிருந்தார். கட்டி முடிக்கப்படவே இல்லாத ஓர் இயந்திரத்துக்கு எழுதிய நிரல்! குறிப்புகளின் அடியில் முழுப்பெயர்கூட இல்லை, மூன்று தலைப்பெழுத்துகள் மட்டும்.

மேரி கியூரியை எல்லோரும் சொல்கிறார்கள். வேறு யாரைச் சொல்லலாம்?

இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. கியூரியின் மீது எந்தக் குறையும் இல்லை. 1903இல் இயற்பியல், 1911இல் வேதியியல் என்று இரண்டு நோபல் பரிசு பெற்றவர். ஆனால் ஒரே பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னால், அவர் ஒரு விதிவிலக்கு என்ற எண்ணமே பிள்ளைகளிடம் ஊறிப்போகும். இயற்பியலுக்கான நோபலை இதுவரை ஐந்து பெண்களே பெற்றிருக்கிறார்கள்: மேரி கியூரி 1903, மரியா கோப்பர்ட் மேயர் 1963, டோனா ஸ்ட்ரிக்லேண்ட் 2018, ஆண்ட்ரியா கெஸ் 2020, ஆன் லூலியே 2023. முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் நடுவே 60 வருடம். இரண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும் நடுவே 55.

பரிசுப் பட்டியலுக்கு வெளியே வந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் அன்னா மணி. 1918இல் பிறந்தவர். எட்டாவது பிறந்தநாளுக்கு வீட்டில் வைரத்தோடு கொடுக்க வந்தபோது, அது வேண்டாம், கலைக்களஞ்சியம் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டதாகச் சொல்வார்கள். பிற்பாடு சி.வி. ராமனின் ஆய்வகத்தில் அவர் கையில் எடுத்ததும் வைரங்களைத்தான், ஆனால் ஆராய்வதற்காக. வைரம் உமிழும் மங்கலான ஒளியின் நிறமாலையைப் புகைப்படத் தகட்டில் பதிக்க 15, 20 மணி நேரம்கூட ஆகும். இரவு முழுக்க ஆய்வகத்திலேயே இருப்பார். இப்படி முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்களைப் பார்த்து, ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டு, 1945இல் முனைவர் பட்டத்துக்கு ஆய்வேட்டையும் சமர்ப்பித்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்று பட்டம் மறுக்கப்பட்டது. அவர் நின்றுவிடவில்லை. இங்கிலாந்துக்குப் போய் வானிலைக் கருவிகளைப் பற்றிக் கற்றார். 1948இல் இந்திய வானிலை ஆய்வுத் துறையில் சேர்ந்து, மழைமானி, காற்றுவேகமானி போன்ற கருவிகளை நாட்டிலேயே செய்யும்படி சுமார் நூறு கருவிகளுக்கு வரைபடங்களைத் தரப்படுத்தினார். சூரிய ஒளியை அளக்கும் நிலையங்களை அமைத்தார். காற்றாலை, சூரிய மின்சாரம் பற்றிய இந்தியப் பேச்சுக்கெல்லாம் அடியில் அவர் சேகரித்த அளவீடுகள் கிடக்கின்றன. பட்டம் இல்லாதது எந்த வகையிலும் தன்னைப் பாதிக்கவில்லை என்பாராம். அவர் பெருந்தன்மை அது. மறுத்தது சரி என்று ஆகிவிடாது.

இன்னொருவர் சீனாவின் டு யூயூ. மலேரியாவுக்கு மருந்து தேடி பழைய வைத்திய நூல்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஒரு செடியின் சாறு சில நேரம் வேலை செய்தது, சில நேரம் செய்யவில்லை. நான்காம் நூற்றாண்டு நூல் ஒன்றில் அந்தச் செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழி என்றிருந்தது. கொதிக்க வை என்று இல்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறதோ என்று அவருக்குத் தட்டியது. குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் ஈதரைக் கொண்டு பிரித்தெடுத்தார், கிடைத்தது. முதலில் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தார். ஆர்ட்டிமிசினின் என்ற அந்த மருந்துக்காக 2015இல் நோபல். அவரிடமும் முனைவர் பட்டம் இல்லை.

கம்ப்யூட்டர் துறை ஆண்களின் துறையாகத்தானே தொடங்கியது?

நேர்மாறு. 'கம்ப்யூட்டர்' என்பதே முதலில் மனிதர்களின் வேலைப்பெயர், கணக்குப் போடுபவர் என்று பொருள். அந்த வேலையில் பெரும் எண்ணிக்கையில் பெண்கள் இருந்தார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவில் கட்டிய எனியாக் கணினிக்கு நிரல் அமைத்தவர்கள் ஆறு பெண்கள்: கே மெக்நல்ட்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃப்ரான் பிலாஸ், ரூத் லிக்டர்மன். நிரல் மொழி எதுவும் கிடையாது. இயந்திரத்தின் மின்சுற்று வரைபடங்களைப் பார்த்துத் தாங்களாகவே கற்று, கம்பிகளைச் செருகியும் சுவிட்சுகளைத் திருப்பியும் கணக்கை இயந்திரத்துக்குள் ஏற்றினார்கள். 1946 பிப்ரவரியில் நடந்த அறிமுக விழாவில் அவர்களை யாரும் அறிமுகம் செய்து வைக்கவில்லை. அன்றிரவு விருந்துக்கும் அழைப்பில்லை. 1980களில் கேத்தி க்ளைமன் என்ற மாணவி பழைய படங்களைப் பார்த்து, இந்தப் பெண்கள் யார் என்று விசாரித்தபோது, இயந்திரம் அழகாகத் தெரிவதற்காக நிறுத்திய மாடல்கள் என்று பதில் வந்ததாம். அவர் அந்தப் பதிலை ஏற்றுக்கொள்ளாமல் தேடியதால்தான் இந்த ஆறு பெயர்களும் நமக்குத் தெரியும்.

பரிசு கிடைக்காமல் போனவர்களின் கதையைச் சொன்னால் பிள்ளைகள் சோர்ந்துவிட மாட்டார்களா?

சொல்லும் விதத்தில் இருக்கிறது. அநியாயத்தை மட்டும் சொன்னால் சோர்வு வரும். அவர்கள் செய்த வேலையைக் கண்ணுக்குத் தெரியும்படி சொல்லிவிட்டு, அதன் பிறகு அநியாயத்தைச் சொன்னால் கோபம் வரும். அந்தக் கோபம் நல்லது.

ஜோசலின் பெல் பர்னெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 1967இல் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவி, வயது 24. ரேடியோ தொலைநோக்கியைக் கட்டும்போது சம்மட்டி பிடித்துக் கம்பம் அடித்தவர்களில் அவரும் ஒருவர். அது இயங்கத் தொடங்கியதும் தினமும் சுமார் 30 மீட்டர் நீளத்துக்குக் கோடு வரைந்த காகிதச் சுருள் வெளியே வரும். அதை அவர் கண்ணாலேயே பார்த்து அலச வேண்டும். அதில் ஓரிடத்தில், அரை விரல் அகலம்கூட இல்லாத ஒரு கிறுக்கல். நட்சத்திரமும் இல்லை, மனிதர்கள் உண்டாக்கும் இரைச்சலும் இல்லை. விடாமல் பின்தொடர்ந்து, அது 1.3 நொடிக்கு ஒரு தடவை துல்லியமாகத் துடிக்கிறது என்று கண்டுபிடித்தார். அதுதான் முதல் பல்சர், அதாவது சுழன்றுகொண்டே சீராக ரேடியோத் துடிப்புகளை அனுப்பும் நட்சத்திர எச்சம். 1974இல் நோபல் பரிசு அவருடைய வழிகாட்டிப் பேராசிரியருக்கும் இன்னொருவருக்கும் போனது. 2018இல் வேறொரு பரிசாக அவருக்கு முப்பது லட்சம் டாலர் வந்தது. இயற்பியலில் இடம் கிடைக்காமல் தவிக்கும் பின்னணிகளில் இருந்து வரும் மாணவர்களின் உதவித்தொகைக்காக மொத்தத்தையும் கொடுத்துவிட்டார்.

லீஸ் மைட்னர், நாஜி ஜெர்மனியில் இருந்து தப்பி ஸ்வீடனில் இருந்தவர், 1938 கிறிஸ்துமஸ் சமயத்தில் சகோதரியின் மகன் ஓட்டோ ஃப்ரிஷ்ஷோடு பனியில் நடந்துகொண்டே பேசி, ஒரு மரத்தண்டில் உட்கார்ந்து துண்டுக் காகிதத்தில் அணுப்பிளவுக்குக் கணக்குப் போட்டார். நோபல் பெர்லினில் அவரோடு ஆய்வு செய்த ஓட்டோ ஹானுக்கு மட்டும். இப்போது 109ஆம் தனிமத்தின் பெயர் மைட்னீரியம். பெண்களின் ஆய்வு ஆண்களின் கணக்கில் எழுதப்படும் இந்த வழக்கத்துக்கு வரலாற்றாசிரியர் மார்கரெட் ராசிட்டர் 1993இல் 'மெட்டில்டா விளைவு' என்று பெயர் வைத்தார்.

ஒரு எச்சரிக்கை. கதையை மிகைப்படுத்தாதீர்கள். "ரோசலிண்ட் ஃப்ராங்ளினுக்கு நோபலை மறுத்தார்கள்" என்று அடிக்கடி எழுதுகிறார்கள். அவர் 1958இல், 37 வயதில் இறந்துவிட்டார், டி.என்.ஏ. அமைப்புக்கான பரிசு 1962இல் வந்தது, இறந்தவர்களுக்கு அதைக் கொடுப்பதில்லை. அவரது ஆய்வகத்தின் எக்ஸ்ரே படம் அவருக்குத் தெரியாமல், பின்னர் அந்தப் பரிசைப் பெற்றவர்களில் ஒருவரான வாட்சனுக்குக் காட்டப்பட்டது என்பது உண்மை. அந்த உண்மையே போதுமான அளவு கனமானது.

இவ்வளவு பெரிய சாதனையாளர்களைப் பார்த்தால் "நம்மால் முடியாது" என்றுதானே தோன்றுகிறது?

தோன்றும். இது வெறும் மனபிரமை இல்லை. 1997இல் வெளியான ஓர் ஆய்வில், கணக்கியல் படிக்கும் மாணவர்களுக்கு அதே துறையில் இறுதியாண்டில் எல்லாவற்றிலும் மின்னிய ஒரு மாணவரைப் பற்றிய செய்தியைக் கொடுத்தார்கள். முதலாண்டு மாணவர்களுக்கு உற்சாகம் பொங்கியது. இறுதியாண்டு மாணவர்களுக்கு அப்படி இல்லை. எட்டிப் பிடிக்க அவர்களுக்கு நேரம் இல்லையே! எட்டும் தூரத்தில் இருந்தால்தான் முன்மாதிரி தூக்கிவிடும்.

ஆகவே எட்டாம் வகுப்புப் பெண்ணுக்கு நோபல் விஞ்ஞானியைவிட, பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் அக்கா பல நேரம் பெரிய முன்மாதிரி. பெரியவர்களின் கதையைச் சொல்வதானால், தடுமாறிய இடங்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். உயர்நிலைப்பள்ளி மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு ஐன்ஸ்டைன், கியூரி, ஃபாரடே ஆகியோரின் சாதனைகளையும், மற்றவர்களுக்கு அவர்கள் தோற்றும் திணறியும் மீண்ட கதைகளையும் வாசிக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். திணறலை வாசித்தவர்களின் அறிவியல் மதிப்பெண் உயர்ந்தது. 2016இல் வெளியான முடிவு இது.

கேட்டலின் கரிகோ 1985இல் ஹங்கேரியில் இருந்து அமெரிக்காவுக்குப் போனபோது, குடும்பத்தின் பணத்தை மகளின் கரடி பொம்மைக்குள் தைத்து எடுத்துப் போனவர். செல்களுக்குப் புரதம் செய்யும் குறிப்பைக் கொண்டுபோகும் மூலக்கூறான எம்.ஆர்.என்.ஏ. பற்றிய ஆய்வுக்கு நிதி கிடைக்காமல் 1995இல் பதவியிறக்கம் செய்யப்பட்டார். 2005இல் ட்ரூ வைஸ்மனோடு எழுதிய கட்டுரையைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. கோவிட் தடுப்பூசிகள் அதன் மேல்தான் எழுந்தன, 2023இல் நோபல். பெல் பர்னெல்லும் தனக்கு அந்த இடத்துக்குத் தகுதி இல்லை, எப்போது வேண்டுமானாலும் வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று பயந்துகொண்டே இருந்ததாகச் சொல்லியிருக்கிறார். அனுப்பும்வரை உயிரைக் கொடுத்து வேலை செய்வோம் என்று அத்தனை கவனமாகப் பார்த்ததால்தான் அந்தக் கிறுக்கல் கண்ணில் பட்டதாம்.

ஒரு பெண் விஞ்ஞானியை எப்படி அறிமுகப்படுத்த வேண்டும்?

அவர் செய்த வேலையில் தொடங்குங்கள். இவோன் பிரில் செயற்கைக்கோள்கள் தம் பாதையில் நிலைத்திருக்க உதவும் உந்துமுறையைக் கண்டுபிடித்தவர். 2013இல் அவர் இறந்தபோது ஒரு பெரிய நாளிதழின் அஞ்சலி, அவர் எவ்வளவு நன்றாகச் சமைப்பார் என்பதில் தொடங்கியது. கண்டனம் எழுந்த பிறகு மாற்றினார்கள்.

அதே வருடம் அறிவியல் எழுத்தாளர் கிறிஸ்டி ஆஷ்வாண்டன் 'ஃபிங்க்பைனர் சோதனை' என்று ஒன்றை முன்வைத்தார். பெண் விஞ்ஞானியைப் பற்றிய கட்டுரையில் அவர் பெண் என்பது, கணவரின் வேலை, பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்கள், "இதைச் செய்த முதல் பெண்" போன்றவை வரக்கூடாது. "பெண்களுக்கு முன்மாதிரி" என்பதும் அந்தத் தடைப்பட்டியலில் உண்டு! என் நிலைப்பாடு இது: பத்திரிகைச் செய்திக்கு இந்தச் சோதனை மிகச் சரி. பிள்ளைகளிடம் பேசும்போது "முதல் பெண்" என்று சொல்லலாம், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். "மரியம் மிர்சாகானி 2014இல் கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கம் வென்ற முதல் பெண்" என்பதில் மிர்சாகானியே இல்லை. தரையில் பெரிய பெரிய தாள்களை விரித்து, மண்டியிட்டு, ஒரே மாதிரி உருவங்களைத் திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருப்பார், பக்கத்தில் சூத்திரங்கள் எழுதியிருக்கும், சின்ன மகள் "அம்மா ஓவியம் வரைகிறாள்" என்பாள் என்று சொல்லிப் பாருங்கள். கேட்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

வேலையையும் குடும்பத்தையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று கேட்கலாமா?

ஆண் பேச்சாளரிடமும் கேட்பதாக இருந்தால் தாராளமாகக் கேளுங்கள்.

பேச்சாளரே சொல்ல விரும்பினால் தடுக்கவும் வேண்டாம். அப்போலோ விண்கல மென்பொருள் குழுவை நடத்திய மார்கரெட் ஹாமில்டன் வார இறுதிகளில் சிறுமியான மகளை அலுவலகத்துக்கு அழைத்துப்போவார். ஒருநாள் அந்தக் குழந்தை பயிற்சிக் கருவியில் விசைகளைத் தட்டி, பறக்கும் நடுவே புறப்பாட்டு நிரலை ஓட வைத்துவிட்டது, எல்லாம் நின்றுபோனது. இதற்கு ஒரு தடுப்பு வேண்டும் என்று ஹாமில்டன் கேட்டார். பயிற்சி பெற்ற விண்வெளி வீரர்கள் அப்படித் தவறு செய்ய மாட்டார்கள் என்று மறுத்துவிட்டார்கள். 1968 டிசம்பரில் அப்போலோ 8 பயணத்தில் வீரர் ஒருவர் அதே தவறைச் செய்தார்.

ஆண்களுக்கு இதில் என்ன வேலை?

நிறைய. கணிதவியலாளர் எம்மி நோயதருக்குப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்க உரிமை மறுக்கப்பட்டபோது டேவிட் ஹில்பர்ட் தன் பெயரில் வகுப்பை அறிவித்து, அவரை நடத்த வைத்தார். 1903 நோபலில் மேரி கியூரியின் பெயர் விடுபட இருந்ததை ஸ்வீடன் கணிதவியலாளர் மிட்டாக் லெஃப்லர் மேரியின் கணவர் பியேருக்குத் தெரிவித்தார். பியேர் உடனே எழுதினார், பெயர் சேர்ந்தது. கூட்டத்தில் ஒரு பெண் சொன்ன யோசனை பத்து நிமிடம் கழித்து இன்னொருவர் பெயரில் வரும்போது, "இதை அவர் முன்பே சொன்னார்" என்று சொல்லுங்கள். அதற்கு விழாவும் வேண்டாம், மேடையும் வேண்டாம்.

நிகழ்ச்சி நடத்துகிறோம். என்ன கவனிக்க வேண்டும்?

"தொழில்நுட்பத்தில் பெண்கள்" என்ற ஒரே அமர்வில் எல்லாப் பெண்களையும் அடைக்காதீர்கள். தரவுத்தளம் தெரிந்தவரைத் தரவுத்தளம் பற்றிப் பேச வையுங்கள், அதுவே கொண்டாட்டம். ஆண் பேச்சாளருக்குச் சன்மானம் கொடுத்தால் இவருக்கும் கொடுங்கள், "ஊக்கப்படுத்தத்தானே வருகிறீர்கள்" என்று சும்மா அனுப்பாதீர்கள். ஆண் மாணவர்களையும் உட்கார வையுங்கள். கேள்விகளை முன்கூட்டியே மாணவிகளிடம் எழுதி வாங்கினால், கூச்சப்படுபவர்களின் கேள்விகளும் வந்து சேரும்.

என்னைப் பேசக் கூப்பிடுகிறார்கள். நான் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லையே?

இதைக் கேட்காத பெண் பேச்சாளரை நான் சந்தித்ததே இல்லை. மென்பொருள் சோதனை செய்பவர், ஆய்வகத் தொழில்நுட்பர், வலையமைப்பைப் பார்த்துக்கொள்பவர் என்று எல்லோரும் கேட்கிறார்கள். தயவுசெய்து போங்கள். உங்கள் வாழ்க்கை வரலாற்றைச் சொல்ல வேண்டாம். போன வாரம் உங்களைப் படுத்திய ஒரு பிழையைப் பற்றிச் சொல்லுங்கள். எங்கே தேடினீர்கள், எத்தனை தடவை தவறான இடத்தில் தேடினீர்கள், கடைசியில் அது எங்கே ஒளிந்திருந்தது என்று. கூடவே வேலையில் இருந்து ஒரு பொருளை எடுத்துப் போங்கள்: பழுதான ஒரு சர்க்யூட் போர்டு, ஒரு கண்ணாடித் தகடு, எதுவானாலும்.

நிரலை இயந்திரத்துக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் கம்பைலரை 1952இலேயே எழுதிய கிரேஸ் ஹாப்பர் பேசப் போகும்போது ஒரு கட்டுக் கம்பித் துண்டுகளை எடுத்துப் போவார். ஒவ்வொன்றும் சுமார் 30 சென்டிமீட்டர். ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் ஒளி போகும் தூரம் அது, அதற்கு மேல் ஒரு துளியும் போக முடியாது என்று சொல்லிவிட்டு, கேட்டவர்களின் கையில் ஆளுக்கு ஒரு நானோ நொடியைக் கொடுத்து அனுப்புவார்.